துக்கம் கேட்கப் போன வாத்துக்காரி

கேளுங்க, கேளுங்க! மரத்துக்கும் காது கேட்ட அந்தக் காலத்துல, மஞ்சாடி நாட்டுல ஒரு ராணி இருந்தா. தவமிருந்து பெத்த ஒரே பிள்ளை காய்ச்சல்ல போயிட்டான். ஐயோ, அவ அழக்கூட இல்லை. "நான் கல்லாப் போயிடக் கூடாதா?"ன்னு மட்டும் கேட்டா.

அது ஒரு மந்திரவாதி காதுல விழுந்தது. அவனுக்கு ரொம்ப நாளா அரியணை மேல கண்ணு. "அப்படியே ஆகட்டும்! பொழுது சாயறதுக்குள்ள இவளை யாராவது பேச வச்சா மந்திரம் உடையும். ஒப்புக்கு ஆறுதல் சொல்றவங்க கிளியாப் போவாங்க"ன்னான்.

ராணிக்குக் கால் கல்லாச்சு. முழங்கால் கல்லாச்சு. இடுப்பும் கல்லாச்சு.

மந்திரி ஓடி வந்தார். "எல்லாம் விதி தாயே!" படபடன்னு இறக்கை முளைச்சுது. ஜன்னல்ல உட்கார்ந்து, "எல்லாம் விதி, எல்லாம் விதி"ன்னு கத்த ஆரம்பிச்சார். சேனாபதி வந்தார். "மனசைத் தேத்திக்குங்க." அவரும் கிளி. ராஜகுரு வந்தார். "இன்னொரு பிள்ளை பிறக்கும்." அட பாவி மனுஷா, அதையா சொல்றது? அவரும் கிளி.

அப்புறம் யார் போவா? ஊரே கதவைச் சாத்திக்கிச்சு. குளத்துல வாத்து மேய்க்கிற சடைச்சி மட்டும் கிளம்பினா. வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே நடந்தா. என்ன சொல்றது? எதைச் சொன்னாலும் தப்பாயிடுமே! நானும் கிளியாயிட்டா என் வாத்துங்களை யார் பார்ப்பா?

உள்ளே போனா, ராணிக்குக் கழுத்து வரைக்கும் கல்லு. ஜன்னல்ல வெயில் இறங்கிட்டிருந்தது. சடைச்சி கிட்டப் போய்க் காலடியில உட்கார்ந்து, அந்தக் கல்லுக் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதா.

"அம்மா, எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலைம்மா. சின்ன ராசா தினமும் என் நொண்டி வாத்துக்கு மடியில பொரி கொண்டாருவாரு. அது இன்னும் படித்துறையில நின்னு பார்த்துட்டே இருக்கும்மா."

ராணி கண்ணுல தண்ணி தளும்புச்சு. ஆனா வாய் திறக்கலை. கல்லு தாடைக்கு ஏறிச்சு. "பொழுது போச்சு, எழுந்திரு!"ன்னு மூலையில காத்துட்டு நின்ன மந்திரவாதி அதட்டினான்.

பதறி எழுந்தவ, எப்பவும் சொல்ற பழக்கத்துல, "போயிட்டு வரேம்மா"ன்னுட்டா!

ஐயையோ! துக்க வீட்டுல அதைச் சொல்லலாமா? சொல்லாம கொள்ளாமதானே எழுந்து போகணும்? மந்திரவாதி கைகொட்டிச் சிரிச்சான். சடைச்சி வாயைப் பொத்திக்கிட்டு, இறக்கை முளைக்குதான்னு தோளைத் தடவிப் பார்த்தா.

அப்போ மெல்ல ஒரு குரல் கேட்டுச்சு. "எப்போ வருவே?"

ராணிதான்! துக்கம் கேட்க வந்தவங்கள்ல, மறுபடியும் வரேன்னு இவ ஒருத்திதானே சொன்னா!

"நாளைக்கே வரேம்மா. அந்த வாத்தையும் தூக்கிட்டு வரேன்."

ராணி ஓன்னு அழுதா. அழ அழ கல்லு கரைஞ்சுது. கிளிங்க மறுபடி மனுஷங்களாச்சு, மந்திரவாதி புகையாப் போனான். பிள்ளை மட்டும் திரும்பலை. அதுக்கு எந்த மந்திரமும் இல்லை, கண்ணுங்களா.

ராணி அந்தக் குளத்தையே சடைச்சிக்குக் கொடுத்தா. அது பிற்பாடு. மறுநாள் காலையில சடைச்சி நொண்டி வாத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்தப்ப, அரண்மனை வாசல்ல ராணி நின்னுட்டிருந்தா, மடி நிறையப் பொரியோட.