கூடைக்குள் போன மரநாய்

பாதிக்கு வெயிலும் மீதிக்கு மூடுபனியுமாய்க் கிடந்த ஒரு காட்டில், மோப்பன் என்றொரு மரநாய் இருந்தான். அடுத்த பொந்தில் யாராவது தும்மினால்கூட, ஏன் தும்மினார்கள் என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அப்படியொரு பிறவி!

வெயில் பக்கத்தில் நம்மைப் போலச் சாதாரண விலங்குகள். மூடுபனிக்குள் மாயம் தெரிந்த பனிமான்கள். அவற்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பாறை. அங்கேதான் வியாபாரம் நடக்கும், அதுவும் வாயைத் திறக்காமல்!

வெயில் பக்கத்தார் பாறையில் கூடையை வைத்து, மூன்று தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட வேண்டும். பனிமான்கள் வந்து கூடையைத் தூக்கிப் பார்த்து, அதற்கு ஈடாகத் தொன்னையில் பனிநீர் வைத்துவிட்டு மறைந்துவிடும். எந்தக் காய்ச்சலையும் இறக்கிவிடும் பனிநீர் அது. வைத்தவர் தொன்னையை எடுத்துக்கொண்டால் வியாபாரம் முடிந்தது. கூடையும் கூடைக்குள் இருப்பதும் பனிமான்களுக்குச் சொந்தம்.

ஒரு நாள் விடியற்காலையில் சிலுப்பி என்ற முள்ளம்பன்றி, கூடை நிறைய நெல்லிக்காயோடு ஓட்டமும் நடையுமாய்ப் போனாள்.

"என்னக்கா, முகமே சரியில்லையே?" என்றான் மோப்பன்.

"குட்டிக்கு மூணு நாளா காய்ச்சல், தம்பி. கண்ணையே திறக்க மாட்டேங்கறா."

"அந்தப் பனிநீர் எங்கே ஊறுதுன்னு தெரிஞ்சா, இப்படிக் கூடை சுமக்க வேண்டாமேக்கா?"

"நாம எட்டிப் பார்க்காம இருக்கறதாலதான் அவங்க நம்மை நம்பி வர்றாங்க. நீ சும்மா இரு சாமி!"

சும்மா இருப்பதா? மோப்பனா? ஊற்றைக் கண்டுபிடித்துவிட்டால் காடே தன் காலில் வந்து விழும் என்று கணக்குப் போட்டான். சிலுப்பி மூன்று தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பியதுதான் தாமதம், பாறைக்குத் தாவினான். பாதி நெல்லிக்காயை வயிற்றுக்குள் தள்ளினான். மீதிக்கு அடியில் சுருண்டு படுத்துக்கொண்டான்.

மூடுபனி நகர்ந்து வந்தது. குளம்புச் சத்தமே இல்லை. யாரோ கூடையைத் தூக்கினார்கள்.

"இன்று கனமாக இருக்கிறதே!"

"வழக்கமாக ஒன்று வைப்போம். இந்தக் கனத்துக்கு இன்னும் இரண்டு வைக்கலாம்."

சற்று நேரத்தில் சிலுப்பி வந்தாள். ஒரு தொன்னை கிடைத்தால் போதுமென்று வந்தவள், மூன்றைக் கண்டதும் "ஐயோ, என் தெய்வங்களா!" என்று அழுதேவிட்டாள். மூன்றையும் அள்ளிக்கொண்டு ஓடினாள். மோப்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டான்.

பிறகு கூடை மிதந்தது. ஆமாம் பிள்ளைகளே, மிதந்தது! மோப்பன் பின்னலின் இடுக்கு வழியாகப் பார்த்தான். மரங்கள் வேரைத் தரையில் ஊன்றாமல் காற்றில் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. ஓடை கீழிருந்து மேலே ஏறிப் போனது. தூங்கி எழுந்த பனிமான்கள் உடம்பை உதறின. அவை கண்ட கனவுகளெல்லாம் துளித்துளியாய் உதிர்ந்து இலைகளில் சேர்ந்தன. அதுதான் பனிநீர்! என்ன அழகு, என்ன அழகு! மோப்பன் தன்னையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் பார்த்ததை நாலு பேரிடம் சொன்னால்தானே அவனுக்குத் தூக்கம் வரும்? கூடையிலிருந்து குதித்தான்.

"வர்றேங்க! கொஞ்சம் வழி விடுங்க!"

"சரக்கு பேசுகிறதே!" என்றது மூத்த மான்.

"சரக்கா? நான் மோப்பன்! சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"பாறையில் இருந்த கூடைக்குள் இருந்தாய். உன் கனத்துக்கென்று இரண்டு தொன்னை கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். விற்றவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தால் நீ போகலாம்."

"எங்கக்கா கண்டிப்பா வைப்பாங்க!"

"நீ இங்கே இருப்பது அவருக்குத் தெரியுமா?"

அவளுக்கு மட்டுமா, காட்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நேரம் சிலுப்பியின் குட்டி, மூன்று தொன்னையையும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கண்ணைத் திறந்திருந்தாள்.

அன்றிலிருந்து பனிமான்களுக்குக் கூடை சுமப்பது மோப்பனின் வேலையாயிற்று. அவை அவனை அடிக்கவில்லை, வையவில்லை. வயிறாரச் சாப்பாடும் போட்டன. ஆனாலும் வீட்டு நினைப்பு வந்துவிட்டால் அவனுக்கு ஒரு வாய்கூட இறங்காது.

ஒரு நாள் அவன் பாறைக்கு வந்தபோது, மூடுபனிக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில், சிலுப்பியும் குட்டியும் நின்றிருந்தார்கள்.

"அம்மா, மோப்பன் மாமாவை ரொம்ப நாளாக் காணோமே?"

"அவனா? எங்கயாவது ஒளிஞ்சு நின்னு, நாம பேசறதை ஒட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பான். வா, போகலாம்."

"அக்கா! நான் இங்கேதான் இருக்கேன், அக்கா!" என்று மோப்பன் தொண்டை கிழியக் கத்தினான். மூடுபனிக்குள் சத்தம் வரும், வெளியே போகாது; விலை கொடுத்து வாங்கிய சரக்கும் அதைத் தாண்டி வெளியே போக முடியாது. தாயும் மகளும் பேசிச் சிரித்தபடி வெயிலுக்குள் நடந்து போனார்கள்.

நீதி: பிறர் ரகசியத்தைத் திருட யாருக்கும் தெரியாமல் போகிறவனை, தேடி வந்து மீட்க யாரும் இருக்க மாட்டார்கள்.