நீந்தத் தெரியாத நீர்நாய்க்குட்டி

மலைக்காட்டில் ஓர் அருவி. அருவி விழும் இடத்தில் ஆழமான மடு. அந்த மடுவில் ஒரு நீர்நாய் தன் குட்டியோடு குடியிருந்தது. குட்டிக்குக் கெண்டை என்று பெயர். கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

நீர்நாய் பசித்தால் மீன் பிடிக்கும். உறக்கம் வந்தால் அருவிக்குப் பின்னால் உயரத்தில் இருந்த பாறைப் பொந்தில் போய்ப் படுக்கும். யார் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை.

ஒருநாள் நரி வந்து எல்லா மிருகங்களையும் கூட்டியது.

"கீழ்க்காட்டுல வெயில் கொளுத்துது. அங்க இருக்கிற பெரிய இடத்து மானு, முயலு எல்லாம் இங்க குளிக்க வரப்போறாங்க. இனிமே உங்க எல்லாருக்கும் வேலை!" என்றது.

காடே கூத்தாடியது. என்ன வேலை, ஏது வேலை என்று வாயைத் திறந்து கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு ஜென்மம் இல்லை.

விருந்தாளிகள் வந்து குவிந்தார்கள். கரடி அவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது. குரங்குகள் மூட்டை தூக்கின. ஆமைக்குக் கிடைத்த வேலையைச் சொன்னால் வயிறு எரியும். அது கரையோரத்தில் ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். குளித்தவர்கள் அதன் முதுகை மிதித்துக்கொண்டு கரையேறுவார்கள்.

நீர்நாய்க்கு, விருந்தாளிகளின் குட்டிகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வேலை. கூலி கருவாட்டுத் தலை. கருவாட்டின் மீதி உடம்பு நரிக்கு.

"உன் பொந்தைக் காலி பண்ணிக் குடு. விருந்தாளிங்களுக்கு அருவிச் சத்தம் கேட்டுக்கிட்டே படுக்கணுமாம்" என்றது நரி.

"நாங்க எங்க போறது அண்ணே?"

"கீழே ஓடைக்கரையில முள்ளுப்புதர் இருக்கே, அதுக்கடியில ஒரு வளை தோண்டிக்கோ. இன்னொண்ணு, உன் குட்டி மடுப்பக்கம் வரக்கூடாது. வேலைக்காரங்க குட்டி இறங்கின தண்ணியில குளிக்க அவங்க முகம் சுளிப்பாங்க."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீர்நாய்க்குட்டி பிறக்கும்போதே நீந்தாது. தாய்தான் அதன் கழுத்தைக் கவ்வி இழுத்துப் போய்த் தண்ணீரில் பழக்க வேண்டும். கெண்டைக்கு அந்தப் பருவம் வந்துவிட்டது. ஆனால் தாய் விடிந்ததும் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வரும். வந்ததும் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிடும்.

"அம்மா, எனக்கு எப்போ நீச்சல் சொல்லித் தருவே?" என்று கெண்டை கேட்கும்.

"சீசன் முடியட்டும்டா தங்கம்."

சீசன் முடிகிற மாதிரித் தெரியவில்லை. சாரல் நின்று, அடைமழைக்கு வானம் கறுத்தபோதும் நரி விருந்தாளிகளை அழைத்துக்கொண்டே இருந்தது. நீர்நாய் அதனிடம் போய் நின்றது.

"அண்ணே, ஒரே ஒரு நாள் லீவு குடுங்க. என் பிள்ளைக்கு நீந்தக் கத்துக்குடுத்துட்டு வந்துடுறேன்."

நரி சிரித்தது. "நீர்நாய்ப் பிள்ளைக்கு நீச்சல் கத்துக்குடுக்கணுமா? யார் காதுல பூ சுத்துறே? இஷ்டம் இல்லேன்னா போய்க்கிட்டே இரு. உன் இடத்துக்கு வர வாத்து காத்துக்கிட்டு கிடக்கு."

நீர்நாய் வேலைக்குத் திரும்பியது. வேறு என்ன செய்யும்? கரடி தேய்த்த எண்ணெய் மடுவில் படலமாக மிதந்து, மீனெல்லாம் செத்து ஒதுங்கியிருந்தது. கருவாட்டுத் தலையை விட்டால் சோறு இல்லை.

மறுநாள் மதியம் மலை உச்சியில் மழை கொட்டியது. அருவி செம்மண் நிறத்தில் இரைந்தது. மடுவில் மான்குட்டிகளும் முயல்குட்டிகளும் குளித்துக்கொண்டிருந்தன.

நீர்நாய் கரையேறி ஓடப் பார்த்தது. "அண்ணே, ஓடைக்கரையில என் பிள்ளை தனியா கிடக்கு. நான் போறேன்!"

நரி குறுக்கே வந்து நின்றது. "விருந்தாளிங்க குட்டி எல்லாம் கரையேறட்டும். அதுக்கப்புறம் போ. அதுல ஒண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

நீர்நாய் நின்றுவிட்டது. பாவி, அங்கேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு குட்டியாகக் கூப்பிட்டுக் கரையேற்றியது. அது சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் காலை உதைத்து நீந்தி வந்தன. பெற்றவர்கள் கைதட்டினார்கள். கடைசி முயல்குட்டி கரையேறிய பிறகுதான் அது ஓடைக்கரைக்கு ஓடியது.

வளை இருந்த இடத்தில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. முள்வேரில் கெண்டை சிக்கிக் கிடந்தது. உயிர் இல்லை. தண்ணீரில் மூழ்கிச் செத்த நீர்நாயை அந்தக் காடு அன்றைக்குத்தான் பார்த்தது.

அழுகைச் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

"யார் அது அழறது?" என்று ஒரு மான் கேட்டது.

"நம்ம நீச்சல் டீச்சர்தான். உங்க குட்டிங்க எல்லாம் பிழைச்சதுல ஆனந்தக் கண்ணீர்" என்றது நரி.

அடுத்த வருஷம் சாரல் விழுந்ததும் நரி நீர்நாயைத் தேடி வந்தது. "எல்லாரும் உன்னையத்தான் கேக்கறாங்க. நீ சொல்லிக்குடுத்த குட்டிங்க எல்லாம் கீழ்க்காட்டு ஏரியில என்னமா நீந்துதுங்களாம்! வா, வா. முகத்தை மட்டும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்கோ."

மடுவில் இன்னும் மீன் வரவில்லை. நீர்நாய் போனது.

முதல் நாளே ஒரு மான்குட்டி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டது: "டீச்சர், உங்களுக்குக் குட்டி இருக்கா?"

நரி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நீர்நாய் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டது.

"காலை நல்லா உதைச்சு நீந்து கண்ணு" என்றது.

நீதி: வேலை தருகிறேன் என்று ஒருவன் வந்து நின்றால், அதற்காக நாம் எதையெல்லாம் விட்டுவிட்டு வர வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.