சதுர எழுத்துக்கு மைசூர்பாகு

“நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வர்றாங்க. பொண்ணு கட்ட வேண்டிய புடவை வாஷிங் மெஷினுக்குள்ள பூட்டிக் கிடக்கு. நீங்க மூணு பேரும் வாயைச் சதுரமா வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க!”

தாமோதரன் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். அவர் மனைவி வத்சலா பதில் சொல்லவில்லை. வாய் சதுரமாக இருக்கும்போது எப்படிப் பதில் சொல்வதாம்? இந்த மனுஷனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். மேல் ஃப்ளாட்டிலிருந்த கொரியாக்காரம்மா ஊருக்குத் திரும்பும்போது தன் வாஷிங் மெஷினை வத்சலாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். “துணியைப் போடு, கதவை மூடு, மறந்துடு. கதவு திறக்கலைன்னா பொத்தானைப் படி” என்பது அவள் சொன்ன வாக்கு. வத்சலா சொன்ன சொல் மீறாதவள். நிச்சயதார்த்தப் பட்டில் ஒரு சொட்டுக் காப்பி சிந்தியதும் போட்டாள், மூடினாள், மறந்தும் விட்டாள். காலையில் மகள் யாழினி வீட்டைத் தலைகீழாக்கித் தேடிய பிறகுதான் கண்ணாடிக்குப் பின்னால் மாம்பழ நிறத்தில் ஏதோ தெரிந்தது. கதவு அசையவில்லை. பொத்தானைப் படிக்கலாம் என்றால் அத்தனையும் கொரிய எழுத்து.

எதிர்வீட்டுச் சுகந்தி தன் மகளுடைய கொரிய அரிச்சுவடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஃப்ளாட் சங்கச் செயலாளர் ஜெசிந்தா கூப்பிடாமலே வந்தாள். அரிச்சுவடி இங்கிலீஷில் விளக்கியிருந்தது. கான்வென்ட்டில் படித்தவள் என்ற முறையில் வத்சலா டீச்சரானாள்.

“இந்த எழுத்தெல்லாம் வாயைப் பார்த்துச் செஞ்சதாம். எழுத்து மாதிரியே வாயை வச்சா சத்தம் தானா வருமாம். சுகந்தி, கொட்டாவி விடாதே! முதல்ல சதுரம்.”

“எனக்கு மூலை வரமாட்டேங்குது” என்றாள் ஜெசிந்தா.

“எத்தனை மூலை வருது?”

“ரெண்டு. அதுவும் ஒரே பக்கம்.”

சுகந்தி யோசித்தாள். விருந்தாளிகளுக்கு வாங்கி வைத்திருந்த மைசூர்பாகில் ஒன்றை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். நாலு மூலையும் வந்துவிட்டது. “ம்ம்ம்” என்றாள்.

வத்சலா புத்தகத்தைப் பார்த்தாள். சாட்சாத் ‘ம்’ தான்!

“இன்னொரு தடவை சொல்லுடீ!”

“எழுத்து கரைஞ்சுடுச்சுக்கா.”

உச்சரிப்பு நாக்கில் படிய வேண்டாமா? ஆளுக்கு ஆறு தடவை பழகினார்கள். டப்பா காலியானது.

கடைசிப் பக்கத்தில் ‘திற’ என்று பொருள் போட்டிருந்த சொல் அப்படியே சிவப்புப் பொத்தானிலும் இருந்தது. “மோட்டார் போடறதுக்கு முறை வச்ச மாதிரி ஆளுக்கு ஒரு எழுத்து” என்று ஜெசிந்தா பங்கு பிரித்தாள். சதுரம் சுகந்திக்கு. இடப்பக்கம் ரெண்டு கை நீட்டிய கோடு ஜெசிந்தாவுக்கு. பாம்பு மாதிரி வளைந்த எழுத்துக்கு யாருக்கும் இடுப்பு வளையவில்லை. மெஷினின் பின்னாலிருந்த ரப்பர் குழாயைப் பிடுங்கி வளைத்து வைத்தார்கள். சோப்புத் தண்ணீர் ஹால் வரை போனது.

‘நேர்கோடு என்பது நிற்கும் மனிதன்’ என்றது புத்தகம். தாமோதரனை மெஷின் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

“கையை ஒட்டி வச்சுக்குங்க. நீட்டினா வேற எழுத்தாயிடும்” என்றாள் வத்சலா.

“எவ்வளவு நேரம் நிக்கணும்?”

“எழுத்து எங்கேயாவது கேள்வி கேக்குமா?”

அவர் விறைப்பாக நின்றார். எல்லோரும் சேர்ந்து படித்தார்கள். “யொல்... லிம்!”

கதவு திறக்கவில்லை.

“படிச்சாச்சே! பொத்தானைப் படின்னுதானே சொன்னா?” என்றாள் சுகந்தி.

“மெஷினுக்குக் காது எங்கே இருக்குன்னு பார்த்தியா?” என்று ஜெசிந்தா சோப்புப் போடும் டிராயரை இழுத்து, அதற்குள் குனிந்து, “யொல்லிம்! யொல்லிம்!” என்று கத்தினாள். ஒரு தும்மல்தான் வந்தது. அதுவும் ஜெசிந்தாவுடையது.

மூன்றே முக்காலுக்கு வத்சலா தலையில் அடித்துக்கொண்டாள். இந்த அசடுகளை நம்பினால் இப்படித்தான். “முதல் எழுத்தை விட்டுட்டோம்டீ! இதோ, வட்டம். ‘முதலில் வரும் வட்டம் பேசாது’ன்னு போட்டிருக்கான்.”

“பேசாத எழுத்தை எப்படிக்கா படிக்கிறது?”

“பேசாமப் படிக்கணும்.”

“எவ்வளவு நேரம்?”

புத்தகம் அதைச் சொல்லவில்லை. “கான்வென்ட்ல நாங்க பேசாம இருந்தே வளர்ந்தவங்க. வட்டம் என்னுது. நான் கையைத் தூக்கற வரைக்கும் ஒருத்தி வாயைத் திறக்கக்கூடாது” என்று சொல்லிவிட்டு, வத்சலா உதட்டை வட்டமாகக் குவித்துக்கொண்டாள்.

வீடே நிசப்தமானது. கீழே கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. நைட்டியில் நின்றிருந்த யாழினி அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. ஆனாலும் வத்சலா கை தூக்கவில்லை. அவசரப்பட்டுப் படித்து மறுபடி உச்சரிப்பு கெட்டுவிட்டால்?

வாசல் மணி அடித்தது.

சிவப்புப் பொத்தானுக்கு ஒரு சாண் தள்ளி, கைகளைத் தொடையோடு ஒட்டி நின்றிருந்த தாமோதரன் மெதுவாகச் சொன்னார்:

“நான் கையை நீட்டினா எழுத்து மாறிடும்... உங்கள்ல யாராவது அந்தப் பொத்தானை ஒரு தடவை அமுக்கித்தான் பாருங்களேன்?”