மிச்சம் அறுபது வீடு

"முழங்காலுக்கு ஒரு மந்திரம் சொல்லுங்க சாமி" என்று கேட்டபடியே பிரமநாயகம் மடத்துக்குள் வந்தார்.

அவருக்கு அறுபது வயது. தோளில் கனமான துணிப்பை. பின்னால் மனைவி பகவதி, கையில் தாம்பாளத்தோடு.

சாமி அந்த ஆற்றங்கரை மடத்தில் தனியாக இருப்பவர். பிரமநாயகத்தைவிட இருபது வயது இளையவர். இடுப்பில் ஒரு வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"முழங்காலுக்கு என்ன அண்ணாச்சி?"

"மக கல்யாணம் நெருங்கிட்டு. இன்னும் அறுபது வீட்டுக்குப் பத்திரிகை வைக்கணும். கால் ரெண்டும் என்கூட வரமாட்டேங்கு. இன்னைக்குத் தளவாய் வீட்டுக்குப் போயே ஆகணும்."

தளவாய் அவருடைய சித்தப்பா மகன். ரெண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஊர்.

"அவர் வீட்டுக்கு இன்னும் போகலையா?"

"மூணு தடவை போயாச்சு சாமி."

"அப்புறம்?"

"முதல் தடவை நான் மட்டும் போனேன். பொண்டாட்டி வராம என்ன அழைப்புன்னான். அடுத்த தடவை ரெண்டு பேரும் போனோம். தாம்பாளத்துல பூ இல்லையாம். மூணாவது தடவை பூவோட போனோம். ராகுகாலத்துல வந்துட்டோம்னு வாசல்லேயே நிக்க வச்சுட்டான்."

"மணி பார்த்துப் போகலையா?"

"எங்க கடிகாரத்துல ராகுகாலம் முடிஞ்சுட்டு. அவன் கடிகாரத்துல இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்துது."

தளவாய் போன்றவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் வீட்டுக் கடிகாரம் எப்போதும் அஞ்சு நிமிஷம் பிந்தித்தான் ஓடும்.

சாமி அடுத்த பாத்திக்குப் போனார்.

"தளவாய் வரலேன்னா?"

"ஊர் சிரிக்கும்."

"வந்தா?"

பிரமநாயகம் யோசித்தார்.

"சாம்பார்ல உப்பு இல்லேம்பான்."

பகவதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"மத்த வீடுகள்?"

"பாதிப் பேர் அவன் மாதிரிதான் சாமி. ஒருத்தன் நான் வீடு கட்டிப் பால் காய்ச்சினப்போ வரலை. ஒருத்தன் வந்துட்டுச் சாப்பிடாமப் போனான். இன்னொருத்தன் பதினாறு வருஷமா என்னைக் கண்டா அடுத்த தெருவுல திரும்பிடுதான். எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. அதான் இன்னொரு குறை வந்துடக் கூடாதுன்னு அவங்களை முதல்ல கூப்பிட ஆரம்பிச்சேன். இன்னும் முடியலை."

சாமி குடத்தைக் கீழே வைத்தார்.

"கல்யாணத்தன்னைக்குக் காலையில மழை அடிச்சுப் பந்தல் சரிஞ்சு கிடக்கு. யாருக்குச் சொல்லி அனுப்புவீங்க?"

"ஆவுடையப்பனுக்கு."

பதில் உடனே வந்தது.

ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். நாற்பது வருஷச் சிநேகிதர். பதினைந்து வருஷத்துக்கு முன்பு பிரமநாயகம் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும் கடையைப் பூட்டிவிட்டுக் கஞ்சி கொண்டுவந்தவர்.

"அவருக்குப் பத்திரிகை வச்சாச்சா?"

"அவனுக்கு எதுக்கு சாமி? அவன் என்ன வெளியாளா? அவன் பாட்டுக்கு வந்து நிப்பான்."

பகவதி தாம்பாளத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"நேத்து மார்க்கெட்ல அந்த அண்ணனைப் பார்த்தேன். 'கல்யாணம் என்னைக்கு மைனி?'ன்னு கேட்டாரு."

பிரமநாயகம் திரும்பினார்.

"என்ன கேட்டான்?"

"கல்யாணம் என்னைக்குன்னு."

"கேலிக்குக் கேட்டிருப்பான்."

"சிரிக்கலையே. கடையில வேலை கிடக்கு, வர முடியுமோ என்னவோன்னு சொல்லிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே போனாரு. ஏறக்கூட இல்லை."

ஆற்றில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பிரமநாயகம் அந்தப் பக்கம் பார்த்தார்.

சாமி அந்தப் பையைப் பிரமநாயகத்தின் தோளிலிருந்து இறக்கினார். பார்க்காமலே ஒரு பத்திரிகையை உருவிக் கையில் கொடுத்தார். பையை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"போயிட்டு வாங்க."

"மத்ததெல்லாம்?"

"பை எங்கேயும் ஓடிராது."

ஆவுடையப்பன் கடையில் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். மேலே சட்டை இல்லை. கையெல்லாம் கிரீஸ்.

இருவரும் தாம்பாளத்தோடு வந்து நின்றதும் அவர் தன் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"யாருக்குவே இது?"

"உமக்குத்தான்வே."

"எனக்கு எதுக்குப் பத்திரிகை? நான் என்ன வெளியாளா?" சொல்லும்போதே எழுந்துவிட்டார். "நில்லும். மைனி, நில்லுங்க. கை கழுவிட்டு வாரேன்."

மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தார். சோப்புப் போட்டார். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் சோப்புப் போட்டார். உள்ளே ஓடி வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பொத்தான் எல்லாம் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது.

பகவதி குங்குமம் நீட்டினார்.

தளவாய் வீட்டில் மூன்று தடவை சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லப் பிரமநாயகம் வாயைத் திறந்தார். அது எதுவும் இங்கே பொருந்தவில்லை.

"வந்துரும்வே" என்றார்.

"வராம எங்க போவேன்?"

ஆவுடையப்பன் பத்திரிகையைப் பிரித்து, பிள்ளையார் துணையில் தொடங்கி அச்சகத்தின் பெயர்வரை சத்தமாக வாசித்தார். பெண்ணின் பெயரை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். பிறகு பஞ்சர் ஒட்டும் பசையை நாலு மூலையிலும் தடவி, கடைக்கு வருகிற எல்லார் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டினார்.

டீ வந்தது. வாழைக்காய் பஜ்ஜி வந்தது.

"உம்ம கல்யாணத்தன்னைக்குக் கார் சேத்துல மாட்டிக்கிட்டு. ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? உம்ம சைக்கிள்ல பொண்ணைப் பின்னால உக்கார வச்சீரு. என்னை முன்னால கம்பியில உக்கார வச்சீரு."

"அன்னைக்குக் கோணின ஹேண்டில்பார் இன்னைக்கு வரைக்கும் நிமிரலைவே."

பகவதிக்குச் சிரித்துச் சிரித்து டீ மூக்கில் ஏறிவிட்டது.

தளவாய் ஊர்ப் பக்கம் போகிற நாலு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடையைத் தாண்டியது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"இன்னொரு தட்டு பஜ்ஜி சொல்லும்" என்றார் பிரமநாயகம்.

பொழுது சாயும்போது இருவரும் மடத்துக்குத் திரும்பினார்கள். பிரமநாயகம் முழங்காலைப் பிடித்துக்கொள்ளாமல் படியேறினார்.

"எத்தனை வீடு முடிஞ்சுது?" என்று சாமி கேட்டார்.

"ஒரு வீடு சாமி."

"தளவாய்?"

"பஸ் ஸ்டாண்டுல தபால் பெட்டி இருக்கு. நாளைக்குப் போட்டுடுதேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "பையைக் குடுங்க. வீட்டுக்குப் போகணும்."

சாமி பையை எடுத்து வந்தார். கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, பதினோரு வருஷமா இங்கே வாரீங்க."

"ஆமா சாமி."

"ஒரு நாள் தவறினதில்லை."

"ஆமா. ஏன் சாமி?"

"கல்யாணம் என்னைக்கு?"

பிரமநாயகம் நெற்றியில் அடித்துக்கொண்டார். பகவதிதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாம்பாளத்தில் பூவைச் சரிசெய்தார்.

"இருங்க, இருங்க, வந்துட்டேன்" என்று சாமி துண்டை எடுக்க உள்ளே ஓடினார்.