கண்ணாடிக்குள் புகுந்த நரி

முன்னொரு காலத்தில், பட்டப்பகலிலேயே கனாக் காணும் ராஜா ஒருவர் இருந்தார். காலமாகிவிட்ட தாயாரின் நிலைக்கண்ணாடி முன்னால் உட்கார்ந்தால் போதும், சோறு தண்ணீர் மறந்துபோகும். அந்திவெயில் அதில் மஞ்சளாக இறங்கும்போது அம்மா உள்ளே உட்கார்ந்து தலைவாருவது போலிருக்குமாம். அதைத் துடைத்துக் காப்பது விகடகவி வீரணனின் பொறுப்பு.

ஒருநாள் கப்பலில் வந்த வெள்ளைக்கார வியாபாரி, கண்ணாடியில் பூத்திருந்த பழுப்புப் புள்ளிகளைப் பார்த்து, "ஃபாக்ஸ்ட்" என்றான்.

"என்ன சொல்கிறான்?" என்றார் ராஜா.

அவன் பேச்சைத் தமிழில் சொல்ல வேண்டியவன் துபாஷி திருவேங்கடம். அரைகுறை இங்கிலீஷ்காரன். ஃபாக்ஸ் என்றால் நரி, அவ்வளவுதான் தெரியும். போதாததற்கு வீரணனைக் கண்டாலே வயிறு எரிகிறவன்.

"பிரபு! கண்ணாடிக்குள் நரி புகுந்துவிட்டதாம். காவலிருந்தவன் தூங்கியிருக்கிறான்!"

ராஜா பதறிப்போனார். "ஐயோ, உள்ளே அம்மா தனியாக இருக்கிறாளே! வீரணா, நாளை அந்திக்குள் நரியைப் பிடித்தாக வேண்டும். தவறினால் கண்ணாடி கடலுக்கு, நீ காட்டுக்கு!"

வீரணன் நேரே வியாபாரியிடம் ஓடினான். அங்கே பழைய புத்தகமொன்று கிடந்தது. தாளெல்லாம் அதே பழுப்புப் புள்ளி. தொட்டுக் காட்டி, "ஃபாக்ஸ்ட்?" என்றான். வியாபாரி தலையாட்டினான். புதுத்தாளைத் தொட்டதும், "நோ, நோ" என்றான்.

"அடச்சே, இவ்வளவுதானா!" என்று வீரணன் சிரித்துக்கொண்டே திரும்பினான்.

மறுநாள் அந்தியில் கண்ணாடி முன்னால் ஒரு கூண்டு வைத்தான்.

"பிரபு, நரி என் கண்ணில் படவில்லை. கண்டவரே காட்டட்டும், பிடித்துவிடுகிறேன்."

பின்வாங்கினால் மானம் போய்விடுமே! துபாஷி கண்ணாடியில் முகத்தைப் பதித்து, "இதோ, முழிக்கிறதே, இதேதான்!" என்றான்.

கண்ணாடியில் முழித்துக்கொண்டிருந்தது அவன் முகம்தான்.

"கூண்டு சின்னது, துபாஷியாரே. கொஞ்சம் குனிந்து போங்கள்" என்றான் வீரணன். சபை கொல்லென்று சிரித்தது.

ராஜா மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியானால் அந்தப் புள்ளிகள்?"

"பழசாகி நிறம் மாறினால் அவர்கள் ஊரில் நரி, பிரபு. நம் ஊரில் நரை. கண்ணாடிக்கு வயதாகிறது. தங்கள் மீசைக்கும்தான்."

ராஜா மீசையைத் தடவிக்கொண்டே கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். "இருந்திருந்தால் அம்மாவுக்கும் நரைத்திருக்கும், இல்லையா வீரணா?"

"பஞ்சாக நரைத்திருக்கும், பிரபு."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். அன்றே, தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தையோடு வீரணன் அரண்மனைத் துபாஷியானான். கண்ணாடி துடைக்கும் துணி திருவேங்கடத்தின் கைக்குப் போயிற்று.