வெடிப்பில் முதல் கால்

பூகம்பத்தில் ஊரே சரிந்து கிடக்க, ஆராய்ச்சிக்கென்று ஐந்து குழுக்கள் வந்து இறங்கின. மழை வந்தால் நிலவெடிப்பின் தடயம் அழிந்துவிடும். ஆனாலும் யார் முதலில் கால் வைப்பது என்றுதான் சண்டை. ஜீப் அனுப்பும் பொறுப்பு தற்காலிக ஊழியர் மரகதவல்லிக்கு.

"என் குழுதான் முதல்ல போகணும். மத்தவங்களும் கோவிச்சுக்கக் கூடாது. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது," என்றார் அவளுடைய ஆராய்ச்சி நிலைய இயக்குநர் சடகோபன்.

"ஆகட்டும் சார்."

வெடிப்பு மைல்கணக்கில் நீண்டு கிடந்தது. ஐந்து ஜீப்பையும் ஒரே நேரத்தில் அதன் ஐந்து இடத்துக்கு அனுப்பினாள். மழைக்கு முன்னால் மொத்தமும் அளந்தாயிற்று.

"நாங்கதான் முதல்!" என்று வயர்லெஸ்ஸில் ஐந்து குரலும் கத்தின. சடகோபன் குழம்பிப்போனார்.

"நிஜமா முதல்ல வந்தது யாரும்மா?"

"வீட்டைப் பறிகொடுத்தவங்க சார். பூகம்பம் வந்த அன்னிலேர்ந்து அங்கேயேதான் நிக்கிறாங்க."