சொன்ன படி

நாணயத்துக்கு விலையே கிடையாது என்பார்கள். முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் அதற்கும் ஒரு விலை இருந்தது: நாலு விரல் கனத்தில் ஒரு மாமரக் கட்டை. அதை வட்டமாகச் சீவி, பித்தளைப் படிக்குள் அடியில் இறுக்கி வைத்துவிட்டால் ஒரு படி அரைப்படியாகிவிடும். வெளியே பார்த்தால் அதே படி, அதே பளபளப்பு, அதே ராஜமுத்திரை. குறை என்று யாராவது வாயைத் திறந்தால் முத்திரையைப் பழித்த குற்றம். ஆகவே யாரும் திறக்கவில்லை.

அந்த நாட்டில் இரண்டு வருஷமாக மழை இல்லை. மலையடிவாரத்தில் மட்டும் ஊற்றுப் பாய்ச்சலில் கொஞ்சம் நெல் நின்றது. அது அறுவடைக்கு வர இன்னும் அறுபது நாள். மன்னர் சிங்ககேதுவுக்கோ பஞ்சத்திலும் தம் பெயர் மணக்க வேண்டும் என்று ஓர் ஆசை. ஒரு நாள் சபையில் அறிவித்தார்:

"அறுபது நாளும் வீட்டுக்கு ஒரு படி நெல். ஊரில் ஒரு வீடும் விடுபடக் கூடாது. நான் மாடத்தில் நின்று பார்ப்பேன்."

களஞ்சியம் பண்டார மந்திரி அனந்தமூர்த்தியின் பொறுப்பில் இருந்தது. அவர் எழுந்து கைகூப்பினார். "மகாராஜா, இந்தப் புண்ணியத்தை நம் அரண்மனை விகடன் குழைக்காதன் கையால் செய்விக்க வேண்டும். தானியக் கடையில் பிறந்தவன். அளக்கத் தெரிந்தவன்."

குழைக்காதன் மந்திரியின் முகத்தைப் பார்த்தான். போன மாதம்தான் இதே சபையில், "இந்த வருஷம் நாட்டில் நன்றாக விளைந்தது மந்திரியாரின் தொந்தி மட்டுமே" என்று சொல்லிச் சிரிக்க வைத்திருந்தான். சிரிக்காதவர் ஒருவர்தான். அவர் இன்று அவனுக்குப் பதவி வாங்கித் தருகிறார் என்றால், அந்தப் பதவிக்குக் கீழே குழி இருக்கிறது என்று அர்த்தம்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர். "ஆனால் விகடனே, அறுபது நாளுக்குள் ஒரு வீடு வெறுங்கையோடு திரும்பினாலும் உன் தலை போகும்."

"இந்தத் தலையை அளந்தால் அரைப்படி கூடத் தேறாதே, மகாராஜா. இருக்கட்டும். எந்தப் படியால் அளக்கட்டும்?"

"இது என்ன கேள்வி? என் ராஜ்யத்தில் ஒரே படிதான்! கோட்டைக்குள்ளும் அதே, கோட்டைக்கு வெளியேயும் அதே. நான் சொன்னபடி அளந்தால் போதும்."

"அதை ஓலையில் எழுதிக் கொடுத்தால் நல்லது. எங்கள் கடைவீதிப் பழக்கம்."

மன்னர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

களஞ்சியத்து வாசலில் சாவியைக் கொடுத்த கையோடு அனந்தமூர்த்தி இரண்டு படிகளையும் கொடுத்தார். குழைக்காதன் கையில் தூக்கிப் பார்த்தான். ஒன்று லேசாக இருந்தது. மற்றொன்று கனத்தது. உள்ளே விரலை விட்டான். பாதியிலேயே தட்டியது.

"லேசானது கோட்டைக்குள்ளே அளக்க. கனமானது வெளியே" என்றார் மந்திரி. "ஏன் தம்பி முழிக்கிறே? உங்கப்பன் கடையில வாங்குற படி ஒண்ணு, விக்கிற படி ஒண்ணு இருந்ததில்லையா?"

"இருந்துச்சு. அதனாலதான் நான் கடையில உக்காராம விகடம் பண்ண வந்தேன்."

"இப்போ மறுபடியும் கடைக்கே வந்துட்டே. நெல்லுக் குதிருங்களை எல்லாம் எண்ணிப் பாரு. எண்ணிட்டு என்கிட்டே கேக்காதே. சாவி உன் கையில."

அவர் போன பிறகு குழைக்காதன் ஒவ்வொரு குதிராகத் தட்டிப் பார்த்தான். கோட்டைக்கு வெளியே ஆயிரம் வீடு; நாளுக்கு ஆயிரம் படி. கோட்டைக்குள் அரண்மனை, அதிகாரிகள், சேனை, யானைக் கொட்டாரம் எல்லாம் சேர்த்து இன்னும் ஓர் ஆயிரம். அறுபது நாளுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் படி வேண்டும். ஏட்டில் அவ்வளவும் இருந்தது. குதிர்களில் தொண்ணூறாயிரம்தான் இருந்தது. முப்பதாயிரம் படி எப்போதோ எல்லை தாண்டிப் போயிருந்தது.

குழி இப்போது தெளிவாகத் தெரிந்தது. நேராக அளந்தால் நாற்பத்தாறாம் நாள் தலை போகும். திருட்டைச் சொன்னால், சாவி வைத்திருப்பவன்தான் திருடன். மந்திரி சொன்ன வழியில் வெளியே அரைப்படியாக அளந்தால் மட்டும் அறுபது நாளும் சரியாக வரும்.

குழைக்காதனும் மனிதன்தான். கனமான படியை எடுத்தான். முதல் நாள் அளந்தான். இரண்டாம் நாள் அளந்தான். மூன்றாம் நாளும் அளந்தான். வரிசையில் நின்றவர்கள் முந்தானையை நீட்டினார்கள். நெல் விழுந்ததும் ஒரு தடவை முந்தானையைப் பார்த்தார்கள், ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்தார்கள், போனார்கள். நாட்டையே சிரிக்க வைக்கும் வாய் அவனுக்கு. அந்த மூன்று நாளும் அதிலிருந்து ஒரு விகடம் வரவில்லை. மாடத்திலிருந்து மன்னர் கையசைத்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து இலையின் முன் உட்கார்ந்தான். அவன் வீடு கோட்டைக்குள் இருந்தது. லேசான படியில் நெல் வாங்கும் வீடு. மனைவி உமையாள் பாதிச் சோறு வைத்துவிட்டுக் கரண்டியைக் கவிழ்த்தாள்.

"என்ன உமையா, இவ்வளவுதானா?"

"ஒரு படி நெல்லுச் சோறு. அளந்துதான் போட்டேன்."

"பாதிகூட இல்லையே."

"துணி வெளுக்கிற வீரம்மா காலையில வந்தா. 'அம்மா, ஒங்க படியைக் கொஞ்சம் குடுங்க'ன்னா. வாங்கிட்டுப் போன நெல்லை என் கண்ணு முன்னால கொட்டி அளந்தா. பாதிதான் வந்துது."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. மடியில கட்டிக்கிட்டு எந்திரிச்சா. வைஞ்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்."

குழைக்காதன் களஞ்சியத்துக் கணக்கை எல்லாம் சொன்னான். முப்பதாயிரம், நாற்பத்தாறாம் நாள், தலை. உமையாள் கடைசி வரை கேட்டாள்.

"சரி. பயம் நியாயம்தான். நான் வேண்டாங்கலை. ஆனா இந்த வீட்டுல ரெண்டு படி கெடையாது. ஊருக்கு எந்தப் படியோ அதுலதான் நமக்கும் உலை. மாத்துறதுன்னா ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க."

அவன் கையை உதறிவிட்டு மடியிலிருந்த மன்னரின் ஓலையை எடுத்து விரித்தான். 'ஒரே படிதான்.' இரண்டு முறை வாசித்தான்.

"உமையா, என் தலை போனா ஒன்னை யாரு பாத்துக்குவா?"

"அதை அப்பொறம் பாத்துக்கலாம். மொதல்ல படியை மாத்துங்க."

நாலாம் நாள் காலையில் லேசான படி வெளியே போனது. கனமான படி உள்ளே வந்தது. வாசலில் முதல் படி நெல் விழுந்தபோது ஒரு பெண் பயந்துபோய், "சாமி, கூடுதலா விழுந்துருச்சு" என்று திருப்பிக் கொடுக்கப் போனாள். குழைக்காதனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உச்சிப் பொழுதில் கோட்டை கலகலத்தது. சேனாபதி வீட்டில் சண்டை. யானை, பாதிக் கவளத்தைத் தின்றுவிட்டுப் பாகன் மடிக்குள் தும்பிக்கையை விட்டு மீதியைத் தேடியது. மன்னர் இலையிலிருந்து எழுந்து நேரே சபைக்கு வந்தார்.

"என் இலையில் பாதிச் சோறு! யார் செய்த வேலை?"

"திருடன் அகப்பட்டான், மகாராஜா!" என்று அனந்தமூர்த்தி முந்திக்கொண்டார். "அரண்மனை நெல்லிலேயே கை வைத்துவிட்டான்!"

குழைக்காதன் கனமான படியை மன்னர் முன் வைத்தான். ஓலையை அதன்மேல் வைத்தான்.

"நீங்கள் சொன்ன படி, மகாராஜா."

"நான் எப்போது பாதி அளக்கச் சொன்னேன்?"

"நாட்டில் ஒரே படிதான் என்று சொன்னீர்கள். எனக்குக் கொடுத்ததோ இரண்டு. இரண்டும் ஒன்றே என்பது அரச வாக்கு. ஆகையால் உள்ளே இருந்ததை வெளியே அனுப்பி, வெளியே இருந்ததை உள்ளே கொண்டுவந்தேன். ஒன்றை ஒன்றோடு மாற்றினால் யாருக்கு என்ன குறை? இரண்டும் வேறு என்று தெரிந்தவர் யாராவது இருந்தால் சபையில் சொல்லட்டும்."

மன்னர் மந்திரியைப் பார்த்தார். "அனந்தமூர்த்தி, இது சரியான படியா?"

இல்லை என்றால், கொடுத்தவர் அவர். ஆம் என்றால், கோட்டை முழுவதும் அறுபது நாள் வரைக்கும் அரைவயிறு, அவர் தொந்தியும் சேர்த்து. மந்திரியின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை மூக்கு நுனி வரை வந்து நின்றது.

"சரியான... படிதான், மகாராஜா."

மன்னர் உடைவாளை உருவிப் படிக்குள் விட்டு நெம்பினார். மாமரக் கட்டை தரையில் உருண்டது.

"மீதி நெல் எங்கே?"

மந்திரி சாளரத்துக்கு வெளியே நின்ற பட்டத்து யானையை ஒரு முறை பார்த்தார். அதன் நெற்றியில் போன பிறந்தநாளுக்கு அவர் மன்னருக்குக் காணிக்கை வைத்த பொன் முகபடாம் மின்னியது. மன்னரும் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை.

பிறகு மன்னர் சிரித்தார். அது உரத்த சிரிப்பல்ல. "சொன்னது சொன்னதுதான், விகடனே. கட்டையைத் திரும்ப உள்ளே வை. கோட்டைக்கு இந்தப் படியே இருக்கட்டும். இவரை வெளியே வரிசையில் நிறுத்து." அனந்தமூர்த்தி மீதி ஐம்பத்தேழு நாளும் முந்தானைகளுக்கு நடுவில் அங்கவஸ்திரத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்கும் முழுப்படிதான் விழுந்தது.

அறுபதாம் நாள் களஞ்சியத்தைப் பெருக்கியபோது ஒரு மணி மீதமில்லை. ஒரு மணி குறையவும் இல்லை. அறுவடை வந்தது. மன்னர் முத்து மாலையோடு குழைக்காதனை அழைத்தார்.

"கேள், என்ன வேண்டும்?"

"மாலை வேண்டாம். ஆயிரத்து ஐந்நூறு படி நெல் வேண்டும், மகாராஜா."

"எதற்கு?"

"முதல் மூன்று நாள் நானும் கட்டை வைத்த படியால்தான் அளந்தேன். ஆயிரம் வீடு, நாளுக்கு அரைப்படி. ஊருக்கு நான் கொடுக்க வேண்டியது."

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். "அடப்பாவி! யாரும் கேட்கவில்லையே! சொல்லாமல் மாலையைப் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே!"

"போயிருக்கலாம். வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்."

நெல்லையும் கொடுத்தார், மாலையையும் கொடுத்தார். மாலையை விற்று வண்டிக்கூலி கொடுத்தான். லேசான படியோடு புருஷனும் பெண்சாதியும் வீடு வீடாகப் போனார்கள். வீட்டுக்கு ஒன்றரைப் படி. எதற்கு என்று கேட்டவர்களிடம் எதற்கு என்று சொன்னான். சிலர் வாழ்த்தினார்கள். ஒருவர் துப்பினார். இரண்டையும் வாங்கிக்கொண்டான்.

வண்ணார் தெருவில் மூன்று வீடுகள் பூட்டிக் கிடந்தன. வீட்டில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போய்விட்டார்கள் என்றார்கள் அக்கம்பக்கத்தார். அந்த மூன்று நாளால் போனார்களா, அதற்கு முந்திய இரண்டு வருஷத்தால் போனார்களா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கடைசிப் பூட்டு வீரம்மாவின் வீட்டில் தொங்கியது. உமையாள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

வண்டியில் கொஞ்சம் நெல் மிஞ்சியிருந்தது. குழைக்காதன் அதை அளந்து பார்த்தான். பிறகு ஒரு கரித்துண்டை எடுத்து அந்த வீட்டுச் சுவரில் எழுதினான்:

கொடுக்க வேண்டியது ஆயிரத்து ஐந்நூறு படி.
கொடுத்தது ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றைந்தரை.
பாக்கி நாலரைப் படி.